சரியாகப் பொய் சொல்லும் ஆல்டிமீட்டர்

ஃப்ளைட்கியர் என்ற இலவச விமான சிமுலேட்டருக்கு நீங்களே ஒரு விமானம் செய்கிறீர்கள், அல்லது யாரோ பாதியில் போட்டுவிட்டுப் போனதை எடுத்து ஒட்டுப்போடுகிறீர்கள் என்று வையுங்கள். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் வந்துவிட்டது, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் ஓடுபாதையில் இருந்து எழும்பவும் செய்கிறது, ஆனால் காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்தால் முன்னால் வெறும் பலகைதான் இருக்கிறது. மீட்டர் வைக்க வேண்டும். நிறைய பேர் கழன்றுகொள்வது இந்த இடத்தில்தான், அவ்வளவு பயப்பட இதில் ஒன்றுமில்லை. புரோகிராமிங் மொழி எதுவும் தெரிய வேண்டாம், எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பைத் திறந்து திருத்தத் தெரிந்தால் போதும்.

சிமுலேட்டர் ஓடும்போது உள்ளே ஏகப்பட்ட எண்கள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும்: உயரம், வேகம், எஞ்சின் சுற்று, பெட்ரோல் அளவு, வெளியே காற்றழுத்தம். இவையெல்லாம் ப்ராபர்ட்டி ட்ரீ என்ற ஒரே இடத்தில், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, பெயரோடு கிடக்கும். அதில் ஒரு எண்ணை எடுத்து ஒரு முள்ளைத் திருப்புகிற 3டி உருவம்தான் மீட்டர். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வட்டமான முகப்பு ஒன்று, முள் தனியாக ஒன்று என்று செய்து, முள்ளுக்குத் தனிப் பெயர் கொடுத்து, ஏசி3டி என்ற கோப்பு வடிவில் சேமித்துவிடுங்கள். எக்ஸ்எம்எல்லில் சொல்ல வேண்டியது, எந்தப் பெயருள்ள பொருள், எந்த எண்ணைப் பார்த்து, எந்த அச்சில், ஒரு அலகுக்கு எத்தனை டிகிரி சுழல வேண்டும் என்பதுதான். முள் எதிர்ப்பக்கம் சுற்றினால் மைனஸ் போடுங்கள். முகப்போடு ஒட்டி ஒரே தளத்தில் இருந்தால் முள் மினுக்மினுக்கென்று மறைந்து மறைந்து தெரியும், ஒரு மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள், சரியாகிவிடும்.

உயரம் காட்டும் மீட்டரான ஆல்டிமீட்டரை, அதிலும் மூன்று முள் உள்ளதை எடுத்துக்கொள்வோம். பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றினால் 1,000 அடி, அப்படியென்றால் அடிக்கு 0.36 டிகிரி. நடு முள்ளுக்கு அதில் பத்தில் ஒன்று, 0.036. சின்ன முள்ளுக்கு 0.0036. பொதிகையில் அகத்தியர் மலை 1,868 மீட்டர், 6,129 அடி. மீட்டர் அந்த உயரத்தைக் காட்டும்போது பெரிய முள் ஆறு முழுச் சுற்று முடித்து இன்னும் 46 டிகிரி தள்ளி, 1-ஐத் தாண்டி நிற்கும், நடு முள் 6-ஐக் கொஞ்சம் கடந்திருக்கும், சின்னது 0-க்கும் 1-க்கும் இடையே இருக்கும். உங்கள் மீட்டர் இப்படிக் காட்டினால் பெருக்கல் சரி.

ஆனால் எந்த எண்ணை எடுக்கிறீர்கள் என்பதில்தான் சமாச்சாரமே இருக்கிறது. ட்ரீயில் உயரம் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கும். பொசிஷன் என்ற கிளையில் இருப்பது விமானத்தின் உண்மையான உயரம், சிமுலேட்டருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இன்ஸ்ட்ருமென்டேஷன் கிளையில் ஆல்டிமீட்டருக்குக் கீழே இருப்பது, அந்தக் கருவி காட்டக்கூடிய உயரம். முதலாவதை முள்ளில் கட்டினாலும் மீட்டர் அழகாகத்தான் ஓடும், படம் எடுத்துப் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அது ஆல்டிமீட்டர் இல்லை. உண்மையான கருவிக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது, விமானத்தின் பக்கவாட்டில் உள்ள ஸ்டாட்டிக் துளை வழியாக வரும் காற்றழுத்தம் மட்டும்தான் அதற்குத் தெரியும், அதை வைத்து உயரத்தை ஊகிக்கிறது. கடல்மட்ட அழுத்தம் இன்றைக்கு எவ்வளவு என்று விமானிதான் குமிழைத் திருகிச் சொல்ல வேண்டும். குமிழ் 1013 ஹெக்டோபாஸ்கலில் இருக்க, வாகைக்குளத்தில் அன்றைய அழுத்தம் 1006 என்றால், ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி வீதம் மீட்டர் ஏறக்குறைய 190 அடி கூடக் காட்டும். 400 அடியில் இருப்பதாக நினைத்து இறங்கிக்கொண்டிருப்பவர் நிஜத்தில் இருப்பது 210 அடியில். இந்தப் பொய்யைச் சரியாகச் சொல்கிற மீட்டர்தான் நல்ல மீட்டர்.

வேகமானியும் இதே கதைதான். விமானத்தில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாயில் மோதும் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், அதனால் பல முகப்புகளில் எண்கள் சம இடைவெளியில் இருக்காது. ஒரே பெருக்கு எண் இங்கே உதவாது, இத்தனை நாட் என்றால் இத்தனை டிகிரி என்று ஜோடி ஜோடியாக ஒரு அட்டவணை எழுதிக் கொடுக்க வேண்டும், இடைப்பட்டதை சிமுலேட்டர் கணக்கிட்டுக்கொள்ளும். குழாய் அடைத்தால் வேகமானி உளற ஆரம்பிக்கும். 1996-இல் டொமினிக்கன் குடியரசுக்கு அருகே கடலில் விழுந்த போயிங் 757-இல் பிட்டாட் குழாய் அடைபட்டிருந்தது, குளவிக் கூடாக இருக்கலாம் என்பது விசாரணையில் வந்த சந்தேகம். முள்ளை உண்மை வேகத்தில் கட்டிவிட்டால் இப்படி ஒரு நிலைமையை உங்கள் விமானத்தில் பழகிப் பார்க்கவே முடியாது.

திசைகாட்டிக்கு வந்தால் நம்ம ஊருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. பூமியின் காந்தக் கோடுகள் வடக்கே போகப் போகத் தரையை நோக்கிச் சாய்கின்றன, விமானம் திரும்பும்போது சாதாரண காந்தத் திசைகாட்டி தடுமாறுவதற்கு அந்தச் சாய்வுதான் காரணம். லண்டன் பக்கம் அந்தச் சாய்வு 60 டிகிரிக்கு மேல். வடக்கு நோக்கிப் பறந்து அப்படியே ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பினால் முதலில் அது எதிர்ப்பக்கம் திரும்புவதாகக்கூடக் காட்டும். திருநெல்வேலியோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இங்கே கோடுகள் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் போகின்றன. பக்கத்தில் உள்ள கிருஷ்ணாபுரம் என்றால் நமக்குக் கோயில் சிலைகள்தான் ஞாபகம் வரும், ஆனால் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஒரு ஆய்வகத்தை அங்கே வைத்திருப்பதே இந்த இடத்தின் காந்தத் தன்மைக்காகத்தான்.

ஃப்ளைட்கியரில் சுற்றுச்சூழல் கிளையில் காந்தச் சாய்வும் ஒரு எண்ணாகவே இருக்கிறது, திசைகாட்டிக் கணக்கு அதைப் பயன்படுத்துகிறது. ஆகவே உங்கள் முள்ளை, மன்னிக்கவும், இங்கே சுழல்வது திசைகள் எழுதிய அட்டை, அதை இன்ஸ்ட்ருமென்டேஷனில் உள்ள காந்தத் திசைகாட்டியின் எண்ணோடு கட்டிவிட்டு இரண்டு இடத்தில் சோதியுங்கள். தாமிரபரணிக்கு மேலே வடக்கு நோக்கிப் பறந்து திருப்பினால் அட்டை சமர்த்தாகக் கூடவே வரும். அதே விமானத்தை லண்டனில் வைத்து அதே திருப்பத்தைப் போடுங்கள். அங்கேயும் சமர்த்தாக வந்தால் தவறான எண்ணைக் கட்டியிருக்கிறீர்கள், எக்ஸ்எம்எல்லைத் திறந்து அந்த வரியை மாற்றுங்கள்.