மாணவர்களுக்கு வீடு விடும்போது ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட வேண்டும்?

கோவையில் பொறியியல் கல்லூரி ஒன்றின் அருகே மாடிப் போர்ஷனை முதலாண்டு மாணவர்கள் நால்வருக்கு விட்டிருந்த உரிமையாளர் ஒருவர், மூன்று மாத வாடகை நின்றுபோன பிறகு, 11 மாத ஒப்பந்தப் பத்திரத்துடன் என்னிடம் வந்தார். கையெழுத்திட்ட மாணவரின் ஆதார் நகலைப் பார்த்தேன். ஒப்பந்தத் தேதியன்று அவருக்கு வயது 17.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. அவ்வாறு செய்யப்பட்டது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) மோகரி பீபி வழக்கில் தீர்ப்பளித்த நாள்முதல் மாறாத நிலைப்பாடு. பிளஸ் டூ முடித்த கையோடு வருபவர்களில் 18 நிரம்பாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆகவே பெற்றோரில் ஒருவர் வாடகைதாரராகவே கையெழுத்திட்டு, மாணவர்களின் பெயர்கள் குடியிருப்போராகக் குறிக்கப்பட வேண்டும். தந்தையைச் சாட்சியாக நிறுத்திவிட்டுத் திருப்தி அடைவோர் பலர். சாட்சிக்கு வாடகை கட்டும் பொறுப்பு எதுவும் இல்லை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து எடுக்கும் வீடானால், முழு வாடகைக்கும் கையெழுத்திடும் பெற்றோர் நால்வரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, அதாவது முழுத் தொகையையும் அவர்களில் எவரிடமும் கேட்கலாம், என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவைத் தவிர்க்கவே 11 மாதம் என்று எழுதும் பழக்கம் வந்தது. ஆனால் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலம் எவ்வளவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது; காலி செய்த ஒரு மாதத்திற்குள், நிலுவையைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். சுவரின் நிலையைக் குடிவரும் நாளிலேயே படம் எடுத்து வைத்தால் வெள்ளையடிப்புச் செலவு பற்றிய சண்டை பாதி குறையும்.

செமஸ்டர் முடிந்ததும் ஒருவர் போய், அவர் இடத்துக்கு நண்பர் ஒருவர் வந்துவிடுவது மாணவர் வீடுகளில் சாதாரணம். எழுத்துபூர்வ இசைவின்றி இது நடக்கலாகாது என்று ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு, ஆள் மாறும்போதெல்லாம் புதியவரின் பெற்றோரிடம் கையெழுத்து பெறுங்கள். உரிமையாளருக்கும் கட்டுப்பாடு உண்டு: முன்னறிவிப்பின்றி மாற்றுச்சாவியால் கதவைத் திறப்பதும், வாடகை வரவில்லை என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. என்னிடம் வந்தவர் ஏற்கெனவே மோட்டாரை நிறுத்தியிருந்தார். முதலில் அதைப் போடச் சொல்லிவிட்டுத்தான் அந்த மாணவரின் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன்.