மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் போதுமா? எஸ்பிஎம் புள்ளி குறைந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வெளிவந்த சில நாளிலேயே கெடாவில் பீடோங், சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஏஜண்டுகள் வரத் தொடங்கிவிடுவார்கள். கோயில் மண்டபத்திலோ சாப்பாட்டுக் கடை மாடியிலோ ஒரு கூட்டம் போடுவார்கள். பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். "கெமிஸ்ட்ரியில சி பிளஸா? பரவாயில்லக்கா, நம்மகிட்ட சீட் இருக்கு. பையன் டாக்டராத்தான் திரும்பி வருவான்" என்று சொல்வார்கள்.

சீட் இருப்பது உண்மைதான். பணம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி உலகத்தில் எங்காவது இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை ஐந்தாறு வருடம் படித்துவிட்டு வந்தால் மலேசியாவில் டாக்டராகப் பதிவு கிடைக்குமா என்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. வீட்டை அடகு வைத்து, இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து, பட்டத்தோடு பிள்ளை வந்து நிற்கும்போது "தகுதி இல்லை" என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விதி சுருக்கமானது. மருத்துவச் சட்டம் 1971-இன்படி மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு இல்லாமல் இங்கே யாரும் டாக்டராக வேலை செய்ய முடியாது. பட்டம் வாங்கியதும் முதலில் தற்காலிகப் பதிவு கொடுப்பார்கள். அதை வைத்து அரசு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. அது முடிந்தால்தான் முழுப் பதிவு. பதிவு கேட்டுப் போகும்போது மன்றம் இரண்டைப் பார்க்கிறது. ஒன்று, உங்கள் பட்டம் அங்கீகாரம் பெற்றதா. மற்றொன்று, மருத்துவப் படிப்பில் சேர்ந்த நாளில் உங்களுக்குக் குறைந்தபட்சத் தகுதி இருந்ததா. முதலாவதைத்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். பல குடும்பங்கள் இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் தேர்வு எழுதும் வழியில் போகிறவர்களுக்கு உயிரியல், வேதியியல், அதோடு இயற்பியல் அல்லது கணிதம், இந்த மூன்றிலும் குறைந்தது பி வேண்டும். மெட்ரிகுலேசன் அல்லது அறிவியல் அசாசி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய அடிப்படைப் படிப்பு, வழியில் 4.00-க்குக் குறைந்தது 3.00 எடுத்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. எஸ்பிஎம்மிலும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னொரு பாடம் என்று ஐந்து பாடத்தில் குறைந்தது பி இருக்க வேண்டும். ஏ-லெவல் மாதிரி வேறு வழிகளுக்கும் தனித்தனி அளவு உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழியில்தான் போகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இது வாசல்படி மட்டும்தான். அரசுப் பல்கலைக்கழக மருத்துவத்துக்கு 4.00-ஐ ஒட்டி நிற்கிற பிள்ளைகளே போட்டி போடுகிறார்கள். புள்ளி குறைந்தவர்களுக்கு நடைமுறையில் மிஞ்சுவது உள்நாட்டுத் தனியார் கல்லூரியும் வெளிநாடும்தான். அந்த இரண்டுக்கும் இந்த வாசல்படி பொருந்தும். பக்கத்தில் செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் ஆனாலும் கோலாலம்பூரில் இருக்கும் கல்லூரி ஆனாலும் அதற்குக் கீழே எடுக்க முடியாது. எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, கிரெடிட் கணக்கு. எஸ்பிஎம்மில் சி வாங்கினாலே கிரெடிட்தான். "ஐந்து கிரெடிட் இருந்தால் போதும்" என்று ஏஜண்டு சொல்லும்போது பெற்றோருக்கு நிம்மதியாக இருக்கிறது, பிள்ளையிடம் ஏழு கிரெடிட் இருக்கிறதே என்று. மருத்துவத்துக்குக் கேட்பது பி. சி பிளஸ் என்பது பி-க்கு ஒரே ஒரு படி கீழேதான், ஆனால் அந்த ஒரு படிக்கு எந்த மன்னிப்பும் கிடையாது. அசாசியில் 3.80 எடுத்த பிள்ளைக்குக்கூட எஸ்பிஎம் இயற்பியலில் சி பிளஸ் இருந்தால் வழி அடைபடுகிறது. அசாசிக்குப் பணம் கட்டும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் சில கல்லூரிகளில் சேர்க்கைப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அசாசியில் சேர சி போதும், அசாசிக் கட்டணம் வந்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது.

இரண்டாவது, குறுக்குவழி அசாசி. ஆறு மாதத்தில் முடிகிற "பிரி-மெட்" என்று வெளிநாட்டுக் கல்லூரிகள் விற்கின்றன. அங்கே உள்ளே போக அது உதவலாம், இங்கே மன்றத்திடம் அதைக் காட்டித் தகுதி கேட்க முடியாது. அசாசி என்றால் முழு ஓராண்டு அறிவியல் படிப்பாக, ஒரே இடத்தில் படித்து முடித்ததாக இருக்கட்டும்.

மூன்றாவது, பெயரில் மருத்துவம் இருக்கிற வேறு படிப்பு. "இப்போதைக்குப் பயோமெடிக்கலில் சேருங்கள், ஒரு வருடம் கழித்து எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றிவிடுகிறோம்" என்பார்கள். அப்படி மாற்றித் தருவதாக எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். கடிதத்தில் என்ன பட்டம் என்று இருக்கிறதோ அதற்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

நான்காவது, வெளிநாட்டுக் கல்லூரியின் அங்கீகாரம். இதில்தான் பெரிய பணம் போகிறது. மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் நாடுவாரியாக இருக்கின்றன. மருத்துவ மன்றத்தின் இணையப் பக்கத்தில் அதைப் பார்க்கலாம். பார்க்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரே நகரத்தின் பெயரில் இரண்டு மூன்று பல்கலைக்கழகம் இருக்கும். அதே பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு ஊரில் வளாகம் இருக்கும், பட்டியலில் இருப்பது தலைமை வளாகமாக இருக்கும். பட்டத்தின் பெயரையும் பாருங்கள், பக்கத்தில் ஏதாவது நிபந்தனை போட்டிருந்தால் அதையும் விடாதீர்கள். ஏஜண்டின் கைபேசியில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள், அது எந்த வருடத்துப் பட்டியல் என்று உங்களுக்குத் தெரியாது.

பட்டியல் மாறும் என்பதற்கு நம் சமூகமே சாட்சி. உக்ரேனின் கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் படித்தார்கள். இனிமேல் புதிதாகச் சேர்கிறவர்களின் பட்டத்தை அங்கீகரிக்க மாட்டோம் என்று 2005-இல் மலேசிய அரசு அறிவித்தது. அப்போது அந்தச் செய்தி எத்தனை வீடுகளைக் கலக்கியது என்று நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே சேரும் நாளில் இருக்கிற பட்டியலை அச்செடுத்து, தேதி தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு வந்தவர்களுக்கு ஒரு தகுதித் தேர்வு உண்டு. "கடைசியில் அதை எழுதிக்கொள்ளலாம்" என்று ஏஜண்டு சொன்னால், அந்தக் கல்லூரி பட்டியலில் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தத் தேர்வை நம்பி ஆறு வருடப் படிப்பைத் தொடங்கக் கூடாது.

இனி அலுவலகங்கள். இங்கேதான் மனம் வெறுத்துப்போகும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் "இது பள்ளிக்கூட விஷயம் இல்லை, உயர்கல்வி அமைச்சைக் கேளுங்கள்" என்பார்கள். அமைச்சு புத்ராஜெயாவில். அங்கே போன் போட்டால் மருத்துவ மன்றத்தைக் கைகாட்டுவார்கள். மன்றம் சைபர்ஜெயாவில். உள்நாட்டுக் கல்லூரியைப் பற்றிக் கேட்டால், படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் எம்கியூஏவிலும் பாருங்கள் என்பார்கள். எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே பதில்: "தெங்கோக் லாமான் வெப்", அதாவது இணையப் பக்கத்தைப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கெடாவிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் போய், கவுண்டரில் இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுத் திரும்புவது அநியாயம். இணையப் பக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவர் எதற்கு அவ்வளவு தூரம் போகப்போகிறார்?

அதனால் நேரில் போகாதீர்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள். பள்ளி ஆசிரியரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ மலாயில் எழுதித் தருவார்கள். "இந்த மாணவரின் எஸ்பிஎம் முடிவு இது, எஸ்டிபிஎம் அல்லது அசாசி முடிவு இது, இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்த வளாகத்தில் இந்தப் பட்டத்துக்குச் சேர்ந்தால் தற்காலிகப் பதிவுக்குரிய குறைந்தபட்சத் தகுதி இருக்கிறதா?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். முடிவுத் தாளின் நகலை இணையுங்கள். போனில் யாரோ "போலே" (முடியும்) என்று சொன்னது நாளைக்கு உதவாது. எழுத்தில் வந்த பதில் உதவும். பதில் வரத் தாமதமானால் திரும்ப அனுப்புங்கள், முதல் மின்னஞ்சலையும் சேர்த்து. பதில் வரும்வரை ஏஜண்டுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். "நாளைக்கு சீட் முடிஞ்சிடும்" என்று அவசரப்படுத்துவார்கள். புள்ளி குறைந்தவர்களுக்கென்று விற்கிற சீட் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

வெளிநாடு போகிறவர்களிடம் உயர்கல்வி அமைச்சின் தடையில்லாச் சான்றிதழ், அதாவது என்ஓசி, கேட்பதுண்டு. அது கையில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். படிக்கப் போவதற்கான தாள் வேறு, திரும்பி வந்து பதிவு வாங்குவது வேறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பெயர் விஷயம் ஒன்று. நம் ஆட்களுக்கு இது ரொம்ப நடக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, ஐசி அடையாள அட்டையில் ஒன்று, எஸ்பிஎம் சான்றிதழில் இன்னொன்று. அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும், அல்லது கடப்பிதழில் மகன், மகள் என்று குறிக்கும் எ/எல், எ/பி இல்லாமல் போயிருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கடப்பிதழைப் பார்த்துப் பட்டத்தை அச்சடிக்கும். ஆறு வருடம் கழித்து இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியப் பிரமாணம், பதிவு இலாகா என்று அலைய வேண்டும். பிள்ளை இங்கே இருக்கும்போதே எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிவைத்து ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள்.

பணம். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், வெளிநாட்டுக்குக் கிடையாது. "வெளிநாட்டுக்கும் பிடிபிடிஎன் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். உள்நாட்டிலும் அந்தக் கடன் தனியார் மருத்துவக் கட்டணம் முழுவதையும் தாங்காது. அந்தக் கட்டணம் பல லட்சம் வெள்ளி. கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் பிள்ளை பெயரில் எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு முதல் தவணையைத் தவறவிட்டவர்கள் உண்டு. இபிஎஃப்பில் பிள்ளையின் படிப்புக்கென்று எடுக்கலாம், ஆனால் முழுச் சேமிப்பையும் எடுக்க முடியாது. முன்பு இரண்டாம் கணக்கு என்றது 2024 மே மாதத்திலிருந்து அக்கவுன் செஜாத்ரா ஆகிவிட்டது, அதில் இருக்கும் தொகைக்குள்தான் எடுக்கலாம். தோட்டச் சம்பளக்காரர்களுக்கு அது முதல் வருடத்துக்கே போதாமல் போகும். ஐந்து வருடத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றாம் வருடத்தில் நின்றுபோன மருத்துவப் படிப்பால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். நிரந்தர அரசு வேலை கையில் இருக்கிறது என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் வேலை நேரத்தில் வெளியே வந்து நின்று எதிர்ப்புக் காட்டியது இதற்காகத்தான்.

அப்போ, புள்ளி குறைந்த பிள்ளை என்ன செய்வது? என் கருத்தில் முதல் வழி ஆறாம் படிவம். அரசுப் பள்ளியில் படிக்கலாம், தனியார் அசாசிக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. மூன்று தவணைத் தேர்வு, ஒரு தவணையில் சறுக்கினால் திரும்ப எழுத வாய்ப்பு உண்டு. கஷ்டமான படிப்பு என்று சொல்லி ஏஜண்டுகள் இதைக் காட்டிப் பயமுறுத்தியே வைத்திருக்கிறார்கள். கஷ்டம்தான். ஆனால் அந்த மூன்று பாடத்தில் பி வாங்க முடியாத பிள்ளை மருத்துவக் கல்லூரியின் முதல் வருடத்தை எப்படித் தாண்டும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். பல்கலைக்கழகங்கள் எஸ்பிஎம் தாளையும் சேர்த்தே பார்க்கும் என்பதால், எங்கே விண்ணப்பிக்கப் போகிறீர்களோ அங்கே முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எஸ்பிஎம்மில் ஒன்றிரண்டு பாடம்தான் இடிக்கிறது என்றால் தனியார் தேர்வாளராகத் திரும்ப எழுதலாம். இரண்டு தடவை எழுதிய தாள்களைச் சேர்த்து ஏற்பார்களா என்று கல்லூரியிடமும் மன்றத்திடமும் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு எழுதுங்கள்.

மருத்துவமனையில் வேலை செய்யத்தான் ஆசை என்றால் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் தாதியர், உதவி மருத்துவ அதிகாரி, ஆய்வுக்கூடம் என்று டிப்ளோமா படிப்புகள் இருக்கின்றன. எஸ்பிஎம்மை வைத்தே விண்ணப்பிக்கலாம். முன்பு தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரசர் இருப்பாரே, பிரசவத்திலிருந்து பாம்புக்கடி வரை எல்லாரும் அவரிடம்தான் ஓடினார்கள். இன்றைய உதவி மருத்துவ அதிகாரி அந்த வேலையின் தொடர்ச்சிதான். விண்ணப்பம் திறந்திருக்கும் காலம் குறுகியது. முடிவு வந்த வாரத்திலிருந்தே அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். எஸ்பிஎம் சான்றிதழின் உறுதிப்படுத்திய நகல்களைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விடுமுறை தொடங்கிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.