ஹெட்ஜிங்: வேலியில் முளைத்த ஒரு சொல்

பக்கத்து வீட்டுப் பெடியன் உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிறான். போன கிழமை வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "அண்ணை, ஹெட்ஜிங் எண்டா தமிழில என்ன?" என்று கேட்டான். ரியூசனில் கொடுத்த குறிப்பில் "இந்தியா அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் ஹெட்ஜிங் செய்கிறது" என்று இருந்ததாம். சேர் அதை "நடுநிலை" என்று எழுதச் சொன்னாராம். பத்திரிகையைப் பார்த்தால் அங்கே "இரட்டை வேடம்" என்று போட்டிருந்ததாம். "ரெண்டில எது சரி?"

இரண்டுமே சரியில்லை. அவன் நின்று கேட்ட இடம்தான் சரியான இடம். ஹெட்ஜ் என்றால் வேலி.

அதிலும் உயிர்வேலி. செடிகளை நெருக்கி நட்டு வளர்த்து, ஆடு மாடு நுழையாமல் காணியைக் காக்கும் பச்சை வேலிக்குத்தான் பழைய ஆங்கிலத்தில் இந்தப் பெயர். ஜெர்மன் மொழியிலும் டச்சு மொழியிலும் இதற்கு உறவான சொற்கள் இன்றும் அதே பொருளில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று கதியால் வெட்டி நட்டு, குறுக்கே வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலிகளுக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது பாதி மதிலாகிவிட்டது, அது வேறு கதை.

வேலி எப்படி வெளியுறவுக் கொள்கை ஆனது? பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் வினையாகவும் வேறு பொருள் எடுத்தது. நேரடியாகப் பதில் சொல்லாமல் வேலிக்குப் பின்னால் பதுங்குகிறவனைப் போல நழுவுவது. அடுத்த நூற்றாண்டில் பந்தயக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பெரிய தொகை கட்டிவிட்டுப் பயம் வந்தால், எதிர்ப்பக்கத்திலும் கொஞ்சம் கட்டுவது. எது வென்றாலும் மொத்தமும் போகாது. கட்டிய காசைச் சுற்றி ஒரு வேலி.

அங்கிருந்து சந்தைக்கு வந்தது. 1949 இல் அமெரிக்காவில் அல்பிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர், விலை ஏறும் என்று நம்பிய பங்குகளை வாங்கி, கூடவே விலை இறங்கும் என்று நினைத்த பங்குகளைக் கடன்பெற்று விற்று, இரண்டையும் ஒன்றாக வைத்து ஒரு நிதியம் நடத்தினார். ஹெட்ஜ் ஃபண்ட் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், வெங்காயம் கிண்டிய கையோடு பாதியைத் தோட்டத்திலேயே வியாபாரியிடம் விலை பேசிக் கொடுத்துவிட்டு, மீதியைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கிவிடும் தோட்டக்காரர் செய்வதும் இதுதான். விலை விழுந்தால் விற்ற பாதி தாங்கும். ஏறினால் தொங்குகிற பாதி தாங்கும்.

இலங்கையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2007, 2008 காலத்தில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெய் விலை ஏறும் என்று பயந்து வங்கிகளோடு ஹெட்ஜிங் உடன்படிக்கைகள் செய்தது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலர் வரை போன விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் 40 டொலருக்கும் கீழே விழுந்தது. உடன்படிக்கையின்படி விலை ஏறினால் வங்கிகள் கொடுக்க வேண்டியதற்கு எல்லை இருந்தது, விழுந்தால் கூட்டுத்தாபனம் கொடுக்க வேண்டியதற்கு அப்படி ஒரு எல்லை இல்லை. பிறகு உயர் நீதிமன்றம், லண்டன் வழக்கு என்று இழுபட்டது. வேலி போடப் போய், வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதை. இன்றும் கொழும்பில் ஹெட்ஜிங் என்றால் சிலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நட்டம்தான்.

சரி, இராஜதந்திரத்துக்கு வருவோம்.

பெரிய வல்லரசு ஒன்று பக்கத்தில் எழும்பும்போது மற்ற நாடுகள் என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பனிப்போர்க் காலத்துப் பாடப்புத்தகங்களில் இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று, அதற்கு எதிராகப் பலம் சேர்ப்பது. வலுச்சமநிலை என்று நாங்கள் எழுதுவது இதைத்தான். மற்றது, அதன் பின்னாலேயே போவது. சர்வதேச உறவு அறிஞர் கென்னத் வோல்ட்ஸ் 1979 இல் பரவலாக்கிய "பாண்ட்வேகனிங்" என்ற ஆங்கிலச் சொல், ஊர்வலத்தில் முன்னால் போகும் பாண்ட் வாத்திய வண்டியில் தொற்றிக்கொள்வதைக் குறிக்கும். தமிழில் "காற்றடிக்கிற பக்கம் சாய்வது" என்றால் போதும். ஆனால் பனிப்போர் முடிந்தபின் தென்கிழக்கு ஆசியாவைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பெட்டியும் போதவில்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் சீனாவோடு வியாபாரம், அமெரிக்காவோடு பாதுகாப்பு என்று இரண்டையும் ஒன்றாக நடத்தின. எவ்லின் கோ, குவிக் செங்-சுவீ போன்ற ஆய்வாளர்கள் இதற்குத்தான் ஹெட்ஜிங் என்ற சந்தைச் சொல்லை எடுத்து ஆண்டார்கள். நாளைக்கு யார் வெல்வார் என்று தெரியாதபோது, இன்றைக்கே ஒரு பக்கத்தில் முழுக்காசையும் கட்டாமல் இருப்பது.

இந்த இடத்தில்தான் "நடுநிலை" பிழைக்கிறது. நடுநிலை என்றால் இரண்டு பக்கமும் சேராமல் விலகி நிற்பது. அணிசேராமையும் ஏறக்குறைய அந்த வகைதான். 1961 இல் பெல்கிரேடில் தொடங்கிய இயக்கம் 1976 இல் கொழும்பில் ஐந்தாவது மாநாட்டை நடத்தியது. மாநாடு நடந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் சீனா கட்டிக்கொடுத்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அணிசேராதவர் கூட்டத்துக்கு வெளியே நிற்பார். ஹெட்ஜிங் செய்பவர் இரண்டு கூட்டத்துக்கும் போய், இரண்டு பந்தியிலும் சாப்பிடுவார்.

இந்தியாவை எடுத்துக்கொள்வோம், பெடியனின் குறிப்பில் இருந்ததும் அதுதானே. அணிசேராமையின் மூலவர்களில் ஒன்றான அந்த நாடு 1971 ஓகஸ்ட்டில் சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு உடன்படிக்கை செய்தது. இன்றைக்கு அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட் என்ற நாற்கரக் கூட்டில் இருக்கிறது. சீனாவோடும் ரஷ்யாவோடும் வளரும் பொருளாதாரங்களின் கூட்டான பிரிக்ஸில் இருக்கிறது, 2017 முதல் ஷங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் இருக்கிறது. 2020 ஜூனில் எல்லைப் பள்ளத்தாக்கான கல்வானில் சீனப் படையோடு நடந்த கைகலப்பில் 20 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். அதன் பிறகும் அந்த இரண்டு கூட்டங்களிலும் சீனாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தது. 2018 இல் ரஷ்யாவிடம் 500 கோடி டொலருக்கு மேல் கொடுத்து எஸ்-400 ஏவுகணை வாங்க ஒப்பந்தம் போட்டது. அதே ஏவுகணையை வாங்கிய துருக்கியை 2019 இல் அமெரிக்கா எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்து வெளியே தள்ளியது, அடுத்த ஆண்டு தடையும் போட்டது. இந்தியாவுக்கு அதற்காகத் தடை வரவில்லை. ஒரே வேலி, ஆனால் யாருடைய காணியில் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது.

உக்ரைன் போர் வந்தபோது ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. இலங்கையும் அப்படியே. போருக்கு முன் இந்தியா வாங்கிய மசகு எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 வீதத்தைச் சுற்றித்தான். பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதற்கான கட்டணச் சீட்டு 2025 ஓகஸ்ட்டில் வந்தது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா மேலதிகமாக 25 வீதத் தீர்வை போட, மொத்தம் 50 வீதமானது. அந்த மாதக் கடைசியிலேயே இந்தியப் பிரதமர் ஷங்காய் அமைப்பின் மாநாட்டுக்காகச் சீனாவின் தியன்ஜினுக்குப் போய் இறங்கினார். காப்புறுதிக்கு வருடா வருடம் காசு கட்டுவதுபோல இதற்கும் கட்டணம் உண்டு. சும்மா கிடைக்கிற வித்தை இல்லை.

எழும்பி வரும் நாட்டின் ஹெட்ஜிங்குக்கு ஒரு குணம் உண்டு. கிளுவைக் கதியால் நட்டவர்களுக்குத் தெரியும், நட்ட தடி வேர்விடும். ஆண்டுக்கு ஒருமுறை வேலி அடைக்கும்போது கதியால் அரைச்சாண் அங்கால் தள்ளி நடப்படும். எங்கள் நீதிமன்றங்களில் எத்தனை எல்லை வழக்கு அப்படி வந்தது! சின்ன நாட்டின் வேலி தன் காணியைக் காப்பதோடு நிற்கும். வளர்கிற நாட்டின் வேலி காக்கிற சாட்டில் அகலவும் செய்யும்.

அதை எங்கள் கடலிலேயே கண்டோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் சேர்ந்த மின்திட்டத்தை 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க முடிவு செய்தது. இந்தியா எதிர்த்தது. தீவுகளில் நின்றால் மறுகரை தமிழ்நாடு. அந்த ஆண்டு டிசம்பரில் சீனா திட்டத்தை நிறுத்துவதாகச் சொன்னது. அதே மாதம்தான் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல் நல்லூர்க் கோயிலுக்குள் போனார். 2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளின் திட்டம் இந்தியாவோடு கைச்சாத்தானது. கொழும்பு இரண்டு பக்கமும் வேலி வைத்துப் பார்த்தது, இந்தியா தன் எல்லைக் கதியாலை நட்டுவிட்டுப் போனது. நெடுந்தீவுச் சனத்துக்கு இதில் யாருடைய கரண்ட் என்பதைவிட எப்போது கரண்ட் என்பதுதான் பேச்சு.

இப்போது தமிழ்ச்சொல். "இரட்டை வேடம்" என்பது வசை. நம் பழமொழிகளும் இந்த விஷயத்தில் பெரும்பாலும் வசைதான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால், மதில்மேல் பூனை. பூனை எந்தப் பக்கம் குதிப்பது என்று முடிவெடுக்காதது. ஹெட்ஜிங் செய்யும் நாடோ குதிப்பதில்லை என்று முடிவெடுத்த பிறகே மதிலில் ஏறுகிறது. கலைச்சொல்லுக்கு இப்படிக் குற்றம் சாட்டும் தொனி ஆகாது.

வசையில்லாமல் சொன்னவர் வள்ளுவர். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க / இகல்வேந்தர்ச் சேர்ந்தொழுகு வார்" என்கிறது 691 ஆம் குறள். மிக விலகினால் குளிரும், மிக நெருங்கினால் சுடும். அரசனிடம் வேலை செய்பவருக்குச் சொன்னது இது, நாடுகளுக்கு இல்லை. ஆனாலும் "அகலா அணுகாக் கொள்கை" என்று ஒரு சொல்லை இதிலிருந்து எடுத்தால் சின்ன நாடுகளின் நிலைக்கு அழகாகப் பொருந்தும். குறை என்னவென்றால் அதில் ஒரு நெருப்புத்தான் எரிகிறது. ஹெட்ஜிங்குக்குக் குறைந்தது இரண்டு அடுப்பு வேண்டும்.

நிதித்துறையில் "இடர்காப்பு" என்று எழுதுகிறார்கள், அங்கே அது நல்ல சொல். வெளியுறவுக்கு எடுத்தால் இரண்டு பக்கம் என்பது விடுபட்டுப்போகும். "வேலியிடல்" மூலத்துக்கு நெருக்கம், ஆனால் கேட்பவர் முள்ளுக்கம்பி வேலியைத்தான் நினைப்பார், உறவை முறிப்பதாகத் தோன்றும். என் தெரிவு "இருபுறக் காப்பு". காப்பு என்ற சொல் காப்புறுதியால் எங்களுக்குப் பழக்கம், காசு கட்ட வேண்டும் என்ற நினைப்பும் அதோடு வரும். வினையாக "இருபுறம் காத்துக்கொள்ளுதல்" என்று எழுதலாம். "இந்தியா இரட்டை வேடம் போடுகிறது" என்ற தலைப்பை "இந்தியா இருபுறமும் காத்துக்கொள்கிறது" என்று மாற்றினால் செய்தி செய்தியாக இருக்கும். கோபப்பட விரும்புகிறவர் உள்ளே படித்துவிட்டுக் கோபப்படட்டும்.

இதையெல்லாம் சுருக்கி வேலியடியில் பெடியனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சோதினையில நீங்கள் சொன்னதை எழுதினா, திருத்துறவருக்கு விளங்குமே?" என்றான்.

"இருபுறக் காப்பு எண்டு எழுதி, பக்கத்தில ஹெட்ஜிங் எண்டும் போடு. ஒண்டுக்காவது புள்ளி விழும்."