பிடித்து வைத்த தண்ணீர் ஏன் கெடுகிறது?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. தரைக்கடியில் உள்ள சம்ப்பில் தண்ணீர் விழுந்து, அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. தெரு வெள்ளமோ சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு சம்ப் மூடியின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். அதனால் புயல் எச்சரிக்கை வந்ததுமே மாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காலியான 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை ஒரு ஆளே தூக்கிவிடலாம், புயல் காற்று தூக்காதா? நிரம்பிவிட்டால் அது அரை டன்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது வேண்டும். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 36 லிட்டர். இரண்டு கேன் போதும். குளியல், கழுவல் எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 15 லிட்டர் என்பது நிவாரணப் பணிகளில் வைத்துக்கொள்ளும் அளவு.

சரி, பிடித்து வைத்தாயிற்று. அது கெடாமல் இருப்பதுதான் பெரிய வேலை. தண்ணீர் தானாகக் கெடுவதில்லை, அதில் வளரும் கிருமிகள்தான் கெடுக்கின்றன. பல நாள் கழுவாத குடத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பசை அது, உயிர்ப்படலம் என்பார்கள். குளோரின் போட்டாலும் இந்தப் பசையின் மேற்பரப்போடு வினைபுரிந்தே பெரும்பகுதி தீர்ந்துபோகும், அடியில் இருப்பவை தப்பிவிடும். அலசி ஊற்றினால் போகாது. நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. இந்த மூலக்கூறுக்கு மின்சுமை கிடையாது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது என்றாலும் இதைத் தள்ளாது; அது உள்ளே நுழைந்து நொதிகளைச் சிதைத்துவிடும். தண்ணீரில் காரத்தன்மை கூடினால் இதே அமிலம் ஹைப்போகுளோரைட் அயனியாக மாறும். அதற்கு எதிர்மின்சுமை உண்டு, ஆகவே கொல்லும் வேகம் பல மடங்கு குறைவு. அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு சுமார் 7.5 ஆகும்போது இரண்டும் பாதிப் பாதி இருக்கும்.

தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்பதால் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் கிடைக்கும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து லேசான குளோரின் வாசனை வந்தால் வேலை நடந்திருக்கிறது. வாசனையே இல்லையென்றால் போட்ட குளோரின் முழுவதையும் அழுக்கே தின்றுவிட்டது, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். திறந்து வைத்த பழைய பாக்கெட்டில் வீரியம் குறைந்திருக்கும். அப்புறம், பிளீச்சிங் பவுடரை டாய்லெட் ஆசிடோடு சேர்த்துவிடாதீர்கள், கிளம்புவது விஷவாயு.

கலங்கல் தண்ணீரில் குளோரினை நம்ப முடியாது, தெளியவைத்துத் துணியில் வடிகட்டிவிட்டுத்தான் போட வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இந்த அளவு குளோரினுக்கு அசையவே அசையாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் அதுவும் செத்துவிடும். கேஸ் இருக்கும் வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம் என்பதே என் கட்சி.

இவ்வளவு செய்தும் அண்டாவில் டம்ளரை முக்கி எடுத்தால் கதை முடிந்தது. டம்ளரோடு நான்கு விரல் நகமும் முங்குகிறது. வாய் குறுகிய, குழாய் வைத்த கேன்தான் இதற்குச் சரி. வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சம் குளோரினைச் சிதைக்கும், பாசியை வளர்க்கும்.

வாயகன்ற ட்ரம்மில் புழங்கும் தண்ணீர் வைத்தால், மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ட்ரம்மின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரித்து, சுமார் பத்து நாளில் கொசுவாகிவிடும். ட்ரம்மைக் கவிழ்த்து வைப்பதோடு நிறுத்தாமல் உட்சுவரைச் சுரண்டித் தேய்க்கச் சொல்வது இதனால்தான்.