ரெண்டையும் சேர்த்து அமத்து மனே

எங்கள் வீட்டு ரேப் றெக்கோடரில் கசெட் போடாமல் சிவப்புப் புள்ளி வைத்த பதிவுக் கட்டையை அமத்தினால் இறங்காது. கல்லை அமத்துவது மாதிரி நிற்கும். சின்ன வயதில் நான்தான் உடைத்துவிட்டேன் என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் அலுமாரிக்கு மேலே திருப்பி வைத்துவிட்டேன். குவைத்தில் இருந்து லீவில் வந்த மாமாதான் மூடியைத் திறந்து, உள்ளே பின்பக்கம் இடது மூலையில் நீட்டிக்கொண்டிருந்த சின்னத் தகடு ஒன்றைச் சுண்டுவிரலால் தள்ளிக்கொண்டு கட்டையை அமத்திக் காட்டினார். டக் என்று இறங்கியது. "உடையல்ல மனே, இது காவல்காரன்."

கசெட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. கசெட்டைப் போட்டதும் அந்தப் பல் தகட்டைத் தள்ளும், அப்போதுதான் பதிவுக் கட்டை விடுபடும். பல்லை உடைத்துவிட்டால் அங்கே பள்ளம், தகடு அசையாது, பதிய முடியாது. அந்தக் காலத்தில் கடையில் வாங்கிய பாட்டுக் கசெட்டுகள் பல் இல்லாமலே வந்தன. அந்தப் பள்ளத்தில் செலோரேப் ஒட்டினால் காவல்காரன் ஏமாந்துவிடுவான் என்பதும் ஊருக்கே தெரியும். எத்தனை பக்திப் பாடல்களுக்கு மேல் நாங்கள் கூத்துப் பதிந்திருக்கிறோம் என்று கணக்கே இல்லை.

பாட்டுக் கேட்கப் பிளே கட்டை ஒன்று போதும், பதிய அதையும் சிவப்புக் கட்டையையும் சேர்த்து அமத்த வேண்டும். சரி, பதிவதற்கு மட்டும் ஏன் இரண்டு கட்டை? தவறுதலாக அமத்தி இருந்ததை அழித்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். பிலிப்ஸ் 1963இல் வெளியிட்ட முதல் கசெட் றெக்கோடரில் இப்படிக் கட்டை வரிசையே கிடையாது, ஒரு குமிழைத் தள்ளியும் பக்கவாட்டில் அசைத்தும் ஓடவிடலாம், சுற்றலாம், ஆனால் அதிலும் பதிவுக்கு மட்டும் தனிப் பொத்தான்தான். இன்னொரு காரணம், இந்தப் பெட்டிக்குள் கனமான வேலை எல்லாவற்றையும் செய்வது உங்கள் விரல். பிளே கட்டையை அமத்தும்போது, ரேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட்டும் றப்பர் உருளையும் பூட்டிய தட்டு முழுவதையும் ரேப்பை நோக்கித் தள்ளுகிறீர்கள், மோட்டருக்கான சுவிச்சையும் அதே அமத்தலில்தான் போடுகிறீர்கள். பதிவுக் கட்டைக்கு வேறு வேலை. மலிவான செற்றில் பாடவும் பதியவும் ஹெட்டும் ஒன்று, அம்பிளிபயரும் ஒன்று. பாடும்போது ஹெட்டில் இருந்து அம்பிளிபயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிற வழியை, பதியும்போது மைக்கில் இருந்து ஹெட்டுக்கு என்று திருப்ப வேண்டும், அதற்காகச் சர்க்கிட் பலகையில் ஒரு நீள வழுக்கு சுவிச் படுத்திருக்கும், நிறையப் பித்தளைத் தொடுகைகளோடு. வாவிக்காற்றில் இந்தத் தொடுகைகள் கறுத்துப்போகும், அப்புறம் பாட்டுக்கு நடுவில் செற் ஊளையிடும். கசெட் இல்லாமல் தகட்டை விரலால் பிடித்துக்கொண்டு சிவப்புக் கட்டையை முப்பது தரம் அமத்தி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். மாமா அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு வியப்பான இடம், பதியும்போது ரேப்பில் இருக்கிற பழையதை அழிக்கிற ஹெட். நல்ல டெக்குகளில் அதற்குள் மின்சாரம் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும், ரேப்பில் உள்ள காந்தத் துணுக்குகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் குழம்பிவிடும், குழம்பினால் அமைதி. நம் செற்றைக் கழற்றினால் அந்த இடத்தில் சும்மா ஒரு காந்தத் துண்டு! சிவப்புக் கட்டையை அமத்தும்போது ஊசலாடி வந்து ரேப்பில் முட்டும், அவ்வளவுதான். பற்றரியில் இருந்து ஒரு துளியும் குடிக்காது. ஆனால் துணுக்குகள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்துவிடும், அதனால் அழித்த இடத்திலும் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் மிஞ்சும்.

இனி ஏ.எல்.சி. (ஒட்டோமற்றிக் லெவல் கொன்றோல்), மெக்கானிக்மார் சொல்கிற பெயர். பதிவு அளவைக் கூட்டிக் குறைக்க இந்தச் செற்றுகளில் திருகே கிடையாது, செற் தானே பார்த்துக்கொள்ளும். சத்தம் கூடினால் உடனே குறைக்கும், சத்தம் போன பிறகு மெதுவாகக் கூட்டும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற ஒரு கெப்பாசிற்றர் நிரம்புவது சட்டென்று, வடிவது ஆறுதலாக என்பதுதான் இதன் சூட்சுமம். கடிதம் எழுதத் தெரியாமல் கசெட்டில் பேசி அனுப்புகிறவர் மைக்குக்குத் தூரத்தில் இருந்து பேசினாலும், கிட்ட வந்து அழுதாலும், கேட்கிற மாதிரிப் பதியும். கூத்துக்கு இது சரிவரவே மாட்டாது. மட்டக்களப்புக் கன்னன்குடாவில் பதிந்த ஒரு வடமோடிக் கூத்துக் கசெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தில் ஓங்கி ஒன்று வைத்ததும் பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் விழுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகிறது, வாசலுக்கு வரும்போது அடுத்த அடி. ஆட்டம் நிற்கிற இடைவெளியில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் செற் கூட்டிக்கொண்டே போய்த் தன் மோட்டரின் உறுமலையே பதிந்துவைக்கிறது. உள் மைக் மோட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தால் வேறென்ன கேட்கும்?

மூன்று இலக்க எண்காட்டி நிமிடம் காட்டுவதில்லை, சுருள் எத்தனை சுற்றுச் சுற்றியது என்றுதான் காட்டும். ரேப் எப்போதும் நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர்தான் ஓடும், தொடக்கத்தில் அதை வாங்கிச் சுற்றும் சுருள் மெல்லியது, அதனால் எண்கள் விரைவாக ஓடும், போகப்போகச் சுருள் தடித்துச் சோம்பும்.

அந்த 4.76 பற்றரி சாகாதவரைக்கும்தான். நாலு பற்றரி, 6 வோல்ட். கொஞ்சம் இறங்கினாலும் மோட்டரின் வேகக் கட்டுப்பாடு சமாளிக்கும், இன்னும் இறங்கினால் அதனால் முடியாது, ரேப் மெதுவாக நகரும், பதிகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மாமா குவைத்தில் இருந்து பேசி அனுப்பிய கசெட் ஒன்று அப்படித்தான் வந்தது. இங்கே புதுப் பற்றரி போட்டுக் கேட்டோம். முதல் பத்து நிமிடம் மாமாவின் குரல். அப்புறம் அது மெல்ல மெல்லக் கீச்சுக் குரலாகி, வேகமாகி, கடைசியில் காசு அனுப்பின விபரத்தை ஒரு சின்னப் பெண் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அம்மா அதை மூன்று தரம் போட்டுக் கேட்டுத்தான் தொகையை எழுதினா.