அமிர்தவர்ஷினியைக் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் பாட்டுப் போட்டிகளில் பல ஆண்டுகளாக நடுவராக உட்காரும் ஓர் இசையாசிரியனின் பொறுமைக்கும் எல்லை உண்டு. சென்ற மாதம் திருநெல்வேலியில் நடந்த போட்டியில் அது தீர்ந்துபோயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, சுருதி இம்மியும் விலகாமல், மழையை வரவழைக்கும் என்று பலர் நம்பும் அமிர்தவர்ஷினி ராகத்தில் முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய கீர்த்தனையைப் பாடினாள். 'வர்ஷய வர்ஷய' என்று மழையை இறைஞ்சும் இடத்தில் அரங்கம் கைதட்டியது. காலநிலை மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு உண்டா என்று அவளை அழைத்து வந்த ஆசிரியை பெருமையோடு கேட்டார். அந்தப் பிள்ளையின் வீடு தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் நின்றது. இது ஆசிரியைக்கும் தெரியும்.

ஒவ்வொரு கோடையிலும் இந்த ராகத்தைப் பாடி மழையை வரவழைக்கச் சொல்லி என்னை அழைப்பவர்கள் உண்டு என்பதால், ஒருமுறை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ராகம் மழையைக் கொண்டுவராது. ச, க, ம, ப, நி என்ற ஐந்து சுரங்களுக்கும் மேகத்துக்கும் எந்த உடன்படிக்கையும் இல்லை. தீட்சிதர் எட்டயபுரத்தில் 1835-இல் காலமானார் என்பது வரலாறு. அந்த ஊருக்கு வரும் வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு மனமிரங்கி அவர் பாடியதும் மழை கொட்டியது என்பது நாம் போற்றி வைத்திருக்கும் கதை. கதையாகவே வைத்துக்கொண்டாலும், அதில் இசை படிப்பவர் பார்க்க வேண்டியது, வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்த ஒருவருக்குப் பாட்டுச் சுரந்த அந்த இடத்தைத்தான். அதை விட்டுவிட்டு, பாட்டு முடிந்ததும் பெய்த மழையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். மழை அளவு மீறவே 'ஸ்தம்பய' என்று பாடி அதை நிறுத்தினார் என்று அதே கதைக்கு ஒரு பின்பாதியும் சொல்வார்கள். அதைப் பாடச் சொல்லி இதுவரை ஒருவரும் என்னை அழைத்ததில்லை. அதே 2023 வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய பிறகாவது அந்தப் பாதி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வானிலையிலிருந்து பாட்டு எப்படிப் பிறக்கும் என்று அறிய நாம் வெளியூருக்குப் போக வேண்டியதே இல்லை. சிற்றாறு பொருநையோடு, அதாவது தாமிரபரணியோடு, கலக்கும் சீவலப்பேரிப் பக்கத்தைப் பாடிய முக்கூடற் பள்ளு என்ற பழைய உழவர் இலக்கியத்தில், நாளைக்கு ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கான குறிகள் வரிசையாக வருகின்றன: மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல், இரண்டு நாளாய் அடிக்கும் காற்று, கேணியில் கத்தும் தவளை, வளையைச் சேற்றால் அடைக்கும் நண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பார்த்து, கார், பிசானம் என்ற இரு போக நெல்லும் விளைவித்த ஊரின் காது அது. பாடியவர் வயலில் நின்று கேட்டிருக்கிறார். (எங்கள் மிருதங்கக்காரர்களுக்கு இன்றும் அந்தக் காது உண்டு, ஈரக்காற்றில் தோல் தளர்ந்து நாதம் இறங்கினால், மழை வருமென்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.)

மாறிவிட்ட சூழலுக்கும் பாட்டு வரத்தான் செய்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபோர்டு 2013-இல், 1880 முதலான புவிவெப்பக் கணக்கை, ஆண்டுக்கு ஒரு சுரமாக, செல்லோ என்ற வில் கொண்டு வாசிக்கும் நரம்புக் கருவியில் வாசித்தார்; குளிர்ந்த ஆண்டுக்குக் கீழ்ச்சுரம், சூடான ஆண்டுக்கு மேல்சுரம் என்பதால், முடிவை நெருங்க நெருங்க சுரம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது. எண்ணூர்ச் சதுப்பு நிலத்துக்காக 2017-இல் டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல், பேச்சுத் தமிழைக் கர்நாடக ராகங்களில் வைத்தது. இரண்டிலும் 'மரம் நடுவோம்' என்ற அறிவுரை கிடையாது.

ஆகவே ஆசிரியர்களே, பனிக்கரடியைப் பற்றி எழுதிச் சினிமா மெட்டில் ஒட்டிக் கொடுப்பதை நிறுத்துங்கள். பிள்ளை தன் காதால் கேட்டது என்ன என்று முதலில் விசாரியுங்கள். நடவு எந்திரம் வந்த வயலில் நின்றுபோன குலவையைப் பாட்டியிடம் கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்காதீர்கள், பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள். ஆற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள், ஆனால் வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கூந்தன்குளத்துக்குப் போனால் ஒலிபெருக்கியைத் தொடவே கூடாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது.

போட்டி முடிந்து அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, வெள்ளத்தன்று ராத்திரி என்ன சத்தம் கேட்டது என்று கேட்டேன். "மச்சியில உக்காந்திருந்தோம் சார். கீழ இருட்டுல பாத்திரம்லாம் மிதந்து செவுத்துல முட்டிக்கிட்டே கெடந்துச்சு" என்றாள். அதைத் தட்டிக் காட்டச் சொன்னேன். மேசையில் ஒரு தட்டு, நெடிய இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. ஒவ்வொரு பாத்திரமாகத் தண்ணீர் தூக்கத் தூக்க அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டு கையாலும் விடாமல் தட்டினாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அதுக்கப்புறம் எல்லாம் ஜன்னல் வழியா வெளிய போயிட்டு சார்" என்றாள்.