செயினைத் துடைக்கும் முன் சாவியை எடுங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வாசலில் ஒரு வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட். ஆண்டு முழுவதும் வண்டியைத் திரும்பிப் பார்க்காதவர்கூட அன்று ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் துடைப்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் பூஜை முடிந்து எங்கள் பைக் பட்டறையைத் திறந்ததும் வருகிறவர்களில் யாராவது ஒருவர் விரலில் கட்டோடு வருவது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: செயின்.

நடப்பது இதுதான். செயினில் அப்பியிருக்கும் கறுப்பு மசியைத் துடைக்கச் சக்கரம் சுழல வேண்டும். ஒரு கையால் சுழற்றிக்கொண்டு மறுகையால் துடைப்பது அலுப்பு. எனவே இஞ்சினை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது, செயினும் பளபளக்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போக மறுக்கிறது. 100 சிசி வண்டி ஐட்லிங்கில், முதல் கியரில் ஓடும்போதே நொடிக்கு இருபதுக்கும் மேற்பட்ட செயின் கண்ணிகள் பின் சக்கரத்திலுள்ள பல்சக்கரமான பின் ஸ்பிராக்கெட்டின் பற்களில் ஏறி இறங்குகின்றன. துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் போதும், துணி உள்ளே போகும். துணியைப் பிடித்திருக்கும் விரல் தானாக விடாது. மனிதக் கை இழுக்கப்படும்போது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கிளட்ச் லீவரோ சாவியோ எட்டும் தூரத்தில் இருக்காது. எட்டினாலும் நேரம் இருக்காது. சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள்தான் பெரும்பாலும் போகின்றன. சிறுவர்களை விட்டு இந்த வேலையைச் செய்யச் சொல்லும் வீடுகளும் உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

சரியான முறை ஒன்றும் கடினமில்லை. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் இருக்கட்டும். முழு செயின் கவர் உள்ள வண்டியானால் அதன் கீழ்ப்பாதியைக் கழற்றுங்கள். கீழ்ச் செயினில், பின் ஸ்பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் துணியை வைத்து, சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். பின்னோக்கிச் சுழற்றினால் கீழ்ச் செயின் ஸ்பிராக்கெட்டிலிருந்து வெளியே வரும், துணி பல்லுக்குள் இழுபடாது. சுழற்றும் கை டயரில் இருக்கட்டும், ஸ்போக்ஸில் வேண்டாம். துடைத்த பிறகு 90 கிரேடு கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாகச் செயினின் உட்பக்கத்தில் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். இஞ்சினிலிருந்து எடுத்த பழைய ஆயிலைத் தடவுகிற சிக்கனம் வேண்டாம். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள் செயினின் உருளைகளைத் தேய்க்கும்.

சுத்தம் செய்த கையோடு செயினை இறுக்கிவிடலாம் என்று அடுத்துத் தோன்றும். இங்கேதான் வேறொரு வகைச் சிக்கல் ஆரம்பமாகிறது. "அண்ணே, போன வாரம்தான் செயினை டைட் செய்தேன். வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது, மைலேஜும் விழுந்துவிட்டது" என்று ஒரு தம்பி வந்தால், வண்டியைத் தள்ளிப் பார்த்த உடனே விஷயம் தெரிந்துவிடும். பின் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். பின் சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக் டிரம்மில் கை வைத்தால் சுடும்.

செயினை இறுக்க ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் நகர்த்துகிறோம். பெடலையும் பின் பிரேக்கையும் இணைக்கும் பிரேக் ராட் இருக்கிற நீளத்திலேயே இருப்பதால், சக்கரம் பின்னால் போகிற அளவுக்கு அது பிரேக்கை இழுத்துவிடும். ஆகவே செயின் இறுக்கும் வேலை, ராடின் பின்முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி, பெடலை மீண்டும் அளந்து வைத்த பிறகுதான் முடிகிறது. பெடலை அழுத்தினால் முதல் 20 முதல் 30 மில்லிமீட்டர் வெறுமனே இறங்கி, அதன்பின் பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் விளக்கு எரியும் இடத்தையும் அப்போதே சரிபாருங்கள். செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் தெரியும் தளர்ச்சியும் பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் ஏறத்தாழ அதே 20 முதல் 30 மில்லிமீட்டர்தான். உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே முடிவான அளவு. சக்கரத்தைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, நான்கு இடத்தில் அளந்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்து அளவை முடிவு செய்யுங்கள். இருவர் ஏறி அமர்ந்தால் செயின் இன்னும் இறுகும். தாலிக்கயிறு முறுக்குவது போல முறுக்கி வைத்தால், கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டின் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போய்விடும்.

பின் சக்கரத்தையே கழற்றி, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவை மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. டிரம்மை மூடியிருக்கும் பிரேக் தட்டையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் ஒரு பட்டைக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் அதை டார்க் ராட் என்போம். பார்க்க அற்பமானது. பிரேக் பிடிக்கும்போது டிரம்மோடு சேர்ந்து தட்டும் சுழன்றுவிடாமல் தடுப்பது அது ஒன்றுதான். அதன் நட்டு கழலாமல் துளையில் செருகி மடக்கும் ஸ்பிளிட் பின்னைப் போடாமல் விட்டால், அதிர்வில் நட்டு கழன்று, என்றோ ஒரு நாள் அவசரப் பிரேக்கில் தட்டு சுழலும், பிரேக் ராட் வளைந்து சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். வீட்டில் கழற்றி மாட்டிய வண்டி எங்களிடம் வந்தால் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்தப் பின்னைத்தான். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். புதியதற்குச் சில ரூபாய்கூட ஆகாது.

ஷூ தேய்ந்ததைக் கண்டுபிடிக்கச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். பிரேக் ராட் இழுக்கும் பிரேக் ஆர்ம் அருகே ஓர் அம்புக்குறித் தகடு இருக்கும். பெடலை முழுதாக அழுத்தும்போது அது தட்டிலுள்ள கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது என்று பொருள். ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி, இன்னும் இரண்டு மாதம் ஓட்டுவது ஒரு பழைய தந்திரம். தயவு செய்து வேண்டாம். ஷூ மாற்றும்போது டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயால் ஊதவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம், நான் ஊக்குவிக்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. முதலாவது, எந்த ஆயில் என்பது. காருக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று பைக்கில் ஊற்றுகிறார்கள். கியர் வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் இஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நனைந்து வேலை செய்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது பிளேட்டுகளை வழுக்க வைக்கும். கேனின் பின்புறம் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற தரக்குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'எம்பி' என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு, அங்கே கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. கேனில் உள்ளது முழுவதையும் ஊற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. அளவுக் கம்பியில் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. பல 100 சிசி வண்டிகளில் கம்பியை மரையில் திருகாமல், சும்மா உள்ளே வைத்து எடுத்துத்தான் அளக்க வேண்டும். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டிரெயின் போல்ட். அது எஃகு, அது ஏறும் இடம் அலுமினியம். இரண்டு அடி பைப்பை ஸ்பேனரில் செருகி முறுக்கினால் அலுமினிய மரை உரிந்து போல்டோடு வெளியே வந்துவிடும். பிறகு லேத் பட்டறையில் புது மரை போட வேண்டியதுதான். போல்ட்டை முதலில் விரலால் திருக வேண்டும். விரலில் சுலபமாக ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஏற்றுங்கள். வாஷர் தட்டையானதும் ஒரே ஒரு சிறு திருப்பு, அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக்குக்கும் இதே விதி, அதுவும் இஞ்சின் ஆறிய பிறகு.

முன்போல் ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை என்பதால் டேங்கிலிருந்து பெட்ரோலை ஒரு கிண்ணத்தில் பிடித்துப் பாகங்களைக் கழுவுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போகும். வாசல் படியில் விளக்கு ஏற்றி வைத்திருக்கும் பண்டிகை மாலையில் அது எங்கே போய்ச் சேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. டீசலோ கடையில் விற்கும் செயின் கிளீனரோ போதும், அதுவும் திறந்த வெளியில். கதவு மூடிய போர்டிகோவுக்குள் இஞ்சினை ஓட விட்டு டியூனிங் செய்வதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஹேண்டில்பாரில் கட்டும் மாலையையும் முன் சக்கரத்தில் தொங்காதபடி கட்டுங்கள். பூஜை அன்று ஊர் சுற்றும்போது நார் ஸ்போக்ஸில் சிக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அலங்காரங்களுக்கு வருகிறேன். வண்டியை மெருகேற்ற விரும்பும் இளைஞர்கள் முதலில் செய்வது எதையாவது கழற்றுவது. அதில் முதல் பலி சேலை கார்டும் செயின் கவரும். பார்க்க அழகாக இல்லையாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 123ஆவது விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. விதி கிடக்கட்டும். அம்மாவும் தங்கையும் ஒருபக்கமாக அமர்ந்து போகும் ஊர் இது. முந்தானையோ துப்பட்டாவோ ஸ்போக்ஸில் சிக்கினால் உட்கார்ந்திருப்பவர் கழுத்தோடு பின்னால் இழுக்கப்படுகிறார். தனியாகத்தானே ஓட்டுகிறேன் என்று கழற்றி வைத்த கார்டு, திடீரென்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் நாளில் பரண் மேல்தான் இருக்கும்.

அடுத்தது முகப்பு விளக்கு. பல பழைய 100 சிசி வண்டிகளில் இருப்பது 35 வாட் பல்பு. அந்த இடத்தில் 60/55 வாட் பல்பைப் போட்டால் வெளிச்சம் கூடும் என்று நினைக்கிறார்கள். இஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் தயாரிக்கும் காயில் தருவது அதற்குப் போதாது. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், பேட்டரி சார்ஜ் ஆகாது. ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் மலிவான எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும். மங்கிய ரிஃப்ளெக்டரை மாற்றி, எர்த் வயரின் துருவைச் சுரண்டிவிட்டாலே பாதி இருட்டு போய்விடும். அகலமான டயர் ஆசைக்கும் இதே கதைதான். 1.6 அங்குல அகலமுள்ள ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் பக்கங்கள் உள்நோக்கிக் குறுகி, தரையைத் தொடும் பகுதியின் வடிவம் மாறும். வளைவில் பிடிமானம் கூடாது. மைலேஜ் மட்டும் குறையும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. எந்தச் செலவு தகும் என்று என்னைக் கேட்டால், அதே அளவில் நல்ல டயர், புதிய பிரேக் ஷூ, நல்ல கண்ணாடிகள் என்பேன். செல்போன் சார்ஜர் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பேட்டரியில் நேராகக் கொடுக்காமல், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், ஃபியூஸ் போட்டுக் கொடுங்கள். இந்த வண்டிகளின் பேட்டரி பலவற்றில் 3 அல்லது 4 ஆம்பியர் ஹவர்தான். நான்கு நாள் நிறுத்திவைத்தால் சார்ஜரே அதைக் குடித்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்தான். பெட்ரோல் குழாயில் அழுத்தத்தோடு நிற்கிறது. அதைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். அந்தப் பக்கம் வீட்டில் கை வைக்காதீர்கள். ஏர் ஃபில்டரும் பல மாடல்களில் எண்ணெய் தோய்ந்த காகித வகை. அதைத் தட்டிக் காற்றடித்து மறுபடி மாட்டினால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கதவுக்குக் கரையான் மருந்தாகவும் பூசாதீர்கள். வெறும் கையால் அளைந்தால் தோலுக்கும் கேடு. ஒரு கேனில் பிடித்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் பீப்பாயில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம். புது ஆயில் வந்த காலிக் கேனைப் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் கத்தியால் ஒரு கீறல் கீறி, லேபிளைக் கிழித்துவிடுங்கள். சேதமில்லாமல் போகும் கேன் வேறு எதையாவது நிரப்பிக்கொண்டு மறுபடி கடைக்கு வர வழியுண்டு.